6 முறை பிரான்ஸ் சாம்பியன், ஆடுவதோ நான்காம் டிவிஷனில்: போர்தோ அணிக்கு என்ன ஆச்சு?

2024 ஆகஸ்ட் 2. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் கால்பந்து காலிறுதி. பிரான்ஸும் அர்ஜென்டினாவும் மோதுகின்றன. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் சூடு இரண்டு பக்கமும் இன்னும் ஆறவில்லை. ஐந்தாவது நிமிடத்திலேயே மத்தேட்டா தலையால் முட்டிப் போட்ட கோல் போதுமானதாக இருந்தது, பிரான்ஸ் அரையிறுதிக்குப் போனது. ஆட்டம் நடந்தது பாரிஸில் அல்ல, தென்மேற்கு பிரான்ஸில், ஒயினுக்குப் பேர் போன போர்தோ நகரத்தின் மைதானத்தில். சுமார் 42,000 பேர் உட்காரலாம். யூரோ 2016-க்காகக் கட்டி 2015-ல் திறந்தார்கள்.

அந்த மைதானத்தைத் தன் வீடாக வைத்திருந்த கிளப்பின் பெயர் ஜிரோந்தான் தெ போர்தோ. ஒலிம்பிக் காலிறுதிக்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்த கிளப் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது. 1937 முதல் வைத்திருந்த தொழில்முறை அந்தஸ்தை விட்டுக்கொடுக்கிறோம், இளம் வீரர்களுக்கான பயிற்சி மையத்தை மூடுகிறோம் என்பதுதான் செய்தி. அடுத்த சீசனை அந்த அணி ஆடியது நான்காம் அடுக்கான நேஷனல் 2-ல்.

இத்தனைக்கும் முந்தைய சீசனில் அவர்கள் கடைசி இடத்தில் எல்லாம் இல்லை. இரண்டாம் டிவிஷனில் 20 அணிகளில் 12-வது இடம். சுமாரான சீசன், ஆனால் பாதுகாப்பான இடம். புள்ளிப் பட்டியலில் பார்த்தால் ஆபத்தே கிடையாது. அவர்களைக் கீழே தள்ளியது புள்ளிப் பட்டியல் அல்ல, கணக்குப் புத்தகம்.

(போர்ச்சுகல் நாட்டின் போர்ட்டோ அணி வேறு. அவர்கள் நலமாக இருக்கிறார்கள்.)

முதலில், இது எவ்வளவு பெரிய கிளப்?

1881-ல் உடற்பயிற்சிச் சங்கமாகத் தொடங்கியது. பிரான்ஸ் லீக் பட்டத்தை 1950, 1984, 1985, 1987, 1999, 2009 என ஆறு முறை வென்றிருக்கிறது. 1980-களில் எமே ஜாக்கே பயிற்சியில் நான்கு சீசனில் மூன்று பட்டங்கள். 1985-ல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி வரை போய் யுவென்டஸிடம் தோற்றார்கள். அதே ஜாக்கேதான் பிறகு 1998-ல் பிரான்ஸுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்த பயிற்சியாளர்.

அந்த 1998 அணியில் இருந்த ஜிடான், லிசராசு, டுகாரி மூவரும் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு போர்தோ சட்டையில் யுஇஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம் வரை போனவர்கள். காலிறுதியில் ஏசி மிலானிடம் முதல் ஆட்டத்தை 0-2 என்று தோற்றுவிட்டு, சொந்த ஊரில் 3-0 என்று திருப்பி அடித்தார்கள். இறுதியில் பயர்ன் மியூனிக்கிடம் தோல்வி. ஆனாலும் அந்த மிலான் இரவை ஊரில் இன்றும் பேசுகிறார்கள்.

2009-ல் லோரன் பிளாங்க் பயிற்சியில் பட்டம் வென்றபோது, தொடர்ந்து ஏழு ஆண்டு சாம்பியனாக இருந்த லியோன் அணியின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. கொஞ்சம் கிட்டத்து உதாரணம் வேண்டுமானால், ரியல் மாட்ரிட்டின் சுவாமேனியும் பார்சிலோனாவின் குண்டேயும் போர்தோ பயிற்சி மையத்தில் வளர்ந்தவர்கள்தான். மூடப்பட்டது அந்த மையம்தான்.

பிரான்ஸில் லீக் ஏணி எப்படி?

ஐபிஎல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். ஐபிஎல்லில் எத்தனை ஆண்டு கடைசியில் வந்தாலும் அடுத்த ஆண்டு அதே லீக்தான். ஐரோப்பியக் கால்பந்தில் அப்படி இல்லை. மேலே வந்தால் ஏறணும், கீழே வந்தால் இறங்கணும்.

பிரான்ஸில் உச்சியில் இருப்பது லீக் 1, அதற்குக் கீழே லீக் 2. 2024-25 முதல் இரண்டிலும் 18 அணிகள். இவை இரண்டும்தான் முழுத் தொழில்முறை லீக்குகள். மூன்றாவது படி நேஷனல். நான்காவது நேஷனல் 2, ஐந்தாவது நேஷனல் 3, அதற்கும் கீழே பிராந்திய, மாவட்ட லீக்குகள். மூன்றாம் படியிலிருந்து நிர்வாகம் கால்பந்துக் கூட்டமைப்பின் கையில்.

நேஷனலில் தொழில்முறை கிளப்புகளும் அமெச்சூர் கிளப்புகளும் கலந்து ஆடும். நேஷனல் 2 முழுக்க அமெச்சூர் உலகம். அமெச்சூர் என்றதும் சம்பளமே கிடையாது என்று நினைக்க வேண்டாம். கூட்டமைப்பின் ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கும் வீரர்கள் உண்டு. ஆனால் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருபவர்களும் உண்டு. டிவி பணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

இந்த அடுக்குதான் ஏணியில் வழுக்கலான படி. 2024-25 சீசனில் நேஷனல் 2-ல் 16 அணிகள் வீதம் மூன்று குரூப்கள். ஒவ்வொரு குரூப்பிலும் முதலிடம் வரும் ஓர் அணி மட்டும்தான் மேலே போகும். பிளே-ஆஃப் கிடையாது, இரண்டாம் இடத்துக்கு ஆறுதல் கிடையாது. 30 ஆட்டம் ஆடி 29 ஆட்டத்தில் நன்றாக ஆடினாலும், உங்களைவிட ஒரு புள்ளி கூடுதலாக ஒருத்தர் எடுத்துவிட்டால் முடிந்தது கதை. அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆடிட்டர் எப்படி அணியைத் தரமிறக்க முடியும்?

இங்கேதான் டிஎன்சிஜி வருகிறது. பிரான்ஸ் கால்பந்தின் நிதிக் கண்காணிப்பு அமைப்பு. 1980-களில் உருவானது. கிளப் முதலாளிகள் தூக்கம் இழப்பது பெரும்பாலும் இவர்களால்தான்.

வேலை எளிமையானது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் கிளப்புகள் தங்கள் வரவு செலவுக் கணக்கோடும் அடுத்த சீசனுக்கான பட்ஜெட்டோடும் அவர்கள் முன்னால் போய் உட்கார வேண்டும். கேள்வி ஒன்றுதான்: அடுத்த மே மாதம் வரை சம்பளம் கொடுக்கக் கையில காசு இருக்கா? "வீரரை விற்றுடுவோம்", "முதலீட்டாளர் வர்றார்" என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி உத்தரவாதம், முதலாளி போட்ட பணம், கையெழுத்தான ஒப்பந்தம் என்று ஏதாவது ஒன்றை மேஜையில் வைக்க வேண்டும்.

பதில் திருப்தியாக இல்லையென்றால் தண்டனை படிப்படியாக வரும். சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு, புது வீரர்களை வாங்கத் தடை, அதற்கு மேல் போனால் ஒரு டிவிஷன் கீழே இறக்குவது, கடைசியில் தேசிய லீக்குகளிலிருந்தே வெளியேற்றுவது. அதே அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு, பிறகு பிரான்ஸ் ஒலிம்பிக் கமிட்டியின் சமரச நடைமுறை, அதற்குப் பிறகு நிர்வாக நீதிமன்றம் என்று அப்பீலுக்கும் வழி இருக்கிறது.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே விதியை மீறிய பிறகு தண்டனை வரும். 2023-24 சீசனில் எவர்டன் அணிக்கு நடு சீசனில் புள்ளிகளைக் கழித்தது போல. பிரான்ஸில் அணுகுமுறையே வேறு. நடு சீசனில் ஒரு கிளப் திவாலாகி, பாதி ஆட்டங்கள் அந்தரத்தில் நிற்பதைத் தவிர்க்கத்தான் சீசனுக்கு முன்பே வடிகட்டுகிறார்கள். கடன் கேட்டுப் போகும்போது வங்கி நம் சாலரி ஸ்லிப்பைப் பார்ப்பது மாதிரி. நேற்று வாங்கியதைவிட நாளை வரப்போவதுதான் முக்கியம்.

நியாயமான ஏற்பாடுதானே என்று தோன்றும். எனக்கும் பெரும்பாலும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரு சிக்கல். சீசனுக்கு முன் தடுக்கத்தான் இந்த அமைப்பு என்றால், போர்தோ மாதிரி ஒரு கிளப் இவ்வளவு தூரம் விழும்வரை என்ன செய்துகொண்டிருந்தது?

மூன்று முறை அடித்த அபாய மணி

1999 முதல் போர்தோவின் முதலாளி எம்6 என்ற தொலைக்காட்சி நிறுவனம். அவர்கள் 2018 நவம்பரில் அமெரிக்க முதலீட்டாளர்களிடம் கிளப்பை விற்றார்கள். பணம் போட்டது கிங் ஸ்ட்ரீட் என்ற முதலீட்டு நிறுவனம். வீரர்களை வளர்த்து, விற்று, லாபம் பார்ப்பது என்ற வழக்கமான கணக்குதான்.

2020-ல் அந்தக் கணக்கு உடைந்தது. கோவிட் காரணமாக பிரான்ஸ் லீக் ஏப்ரலிலேயே 2019-20 சீசனை முடித்துக்கொண்டது. ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளில் அப்படிச் செய்தது பிரான்ஸ் மட்டும்தான். அடுத்த அடி அதைவிடப் பெரியது. மீடியாப்ரோ என்ற ஸ்பானிய நிறுவனம் பிரான்ஸ் லீக் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமைக்கு ஆண்டுக்கு 81.4 கோடி யூரோ தருவதாகச் சொல்லி ஒப்பந்தம் போட்டிருந்தது. அந்தப் பணம் வரும் என்று நம்பி எல்லா கிளப்புகளும் சம்பள ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டன. அக்டோபரில் தவணை வரவில்லை. டிசம்பரில் மீடியாப்ரோவே வெளியேறியது. பிறகு அமேசான் வந்தது, லீக் 1-ன் பெரும்பகுதி ஆட்டங்களுக்கு அவர்கள் கொடுத்தது ஆண்டுக்கு 25 கோடி யூரோ. அப்ரைசல் லெட்டரை நம்பி வீட்டுக் கடன் வாங்கியவர் கதைதான்.

2021 ஏப்ரலில் கிங் ஸ்ட்ரீட் "இனி ஒரு பைசா போட மாட்டோம்" என்று கைவிரித்தது. கிளப் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. அந்தக் கோடையில் டிஎன்சிஜி முதல் முறையாகத் தரமிறக்கியது. ஜெரார்ட் லோபெஸ் என்ற தொழிலதிபர் கிளப்பை வாங்கியதும் அந்த முடிவு நீங்கியது.

லோபெஸ் கால்பந்துக்குப் புதியவர் அல்ல. ஃபார்முலா 1-ல் லோட்டஸ் அணியை நடத்தியவர், பிறகு லில் அணியின் முதலாளி. அங்கே நல்ல அணியைக் கட்டினார், ஆனால் கடன் சுமையில் 2020 டிசம்பரில் விலக வேண்டி வந்தது. அவர் கட்டிய அந்த அணி ஐந்து மாதம் கழித்து லீக் பட்டம் வென்றது. அவர் கைக்கு வந்த இன்னொரு கிளப்பான பெல்ஜியத்தின் மூஸ்க்ரோன் 2022-ல் திவாலானது. ஆக, வாங்கியவரின் வரலாறு எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. ஆனால் அந்த ஜூலையில் வாங்குபவர்களின் வரிசை ஒன்றும் நீளமாக இல்லை. போர்தோவுக்கு வேண்டியது உடனடிப் பணம். அதில் பெரும்பகுதி கடனாகவே வந்தது. கிங் ஸ்ட்ரீட்டும் ஃபோர்ட்ரஸ் என்ற இன்னொரு நிறுவனமும் கடன் கொடுத்தவர்கள்.

அடுத்த சீசனில் மைதானத்திலும் எல்லாம் சரிந்தது. 2021-22-ல் 38 ஆட்டங்களில் 91 கோல் வாங்கி, கடைசி இடம். முப்பது ஆண்டு தொடர்ந்து முதல் டிவிஷனில் இருந்த கிளப் லீக் 2-க்கு இறங்கியது. போதாக்குறைக்கு 2022 ஜூனில் டிஎன்சிஜி, "லீக் 2-வும் கிடையாது, நேஷனலுக்குப் போங்க" என்றது. மேல்முறையீட்டிலும் தோல்வி. ஒலிம்பிக் கமிட்டியின் சமரசத்துக்குப் பிறகு, சீசன் தொடங்கும் நேரத்தில்தான் லீக் 2 உறுதியானது. இது இரண்டாவது முறை.

2022-23 கையில் வந்த வாய்ப்பு. கடைசி நாள் வரை லீக் 1 கனவு உயிரோடு இருந்தது. 2023 ஜூன் 2 அன்று ரோடெஸ் அணியோடு கடைசி ஆட்டம். 22-வது நிமிடத்தில் ரோடெஸ் கோல் போட்டது. கோல் போட்ட வீரரை மைதானத்துக்குள் இறங்கிய ஒரு ரசிகர் தள்ளிவிட்டார். ஆட்டம் அதோடு நின்றது, தொடரவே இல்லை. போர்தோவுக்குத் தோல்வி என்று முடிவானது. மேலே போன இரண்டு அணிகள் லெ ஆவ்ரும் மெட்ஸும். அந்த ஒரு தள்ளலால்தான் எல்லாம் போச்சு என்று சொல்வது மிகை, மெட்ஸ் தன் ஆட்டத்தை வென்றுவிட்டது. ஆனால் லீக் 1 வருமானத்தை எதிர்பார்த்துக் கட்டிய கடன் கணக்கு அன்றோடு பொருளற்றுப் போனது.

2024 ஜூலையில் என்ன நடந்தது?

மூன்றாவது முறை டிஎன்சிஜி முன் போர்தோ போனபோது கையில் ஒரே ஒரு சீட்டுதான். லிவர்பூல் அணியின் முதலாளிகளான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப் கிளப்பை வாங்கப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. ஜூலை 9 அன்று டிஎன்சிஜி நேஷனலுக்குத் தரமிறக்கியது. அப்பீல் பண்ணலாம், அதற்குள் ஃபென்வே கையெழுத்துப் போட்டுவிடும் என்று ஊரே நம்பியது.

சில நாளிலேயே ஃபென்வே விலகியது. அந்தக் கோடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். லீக் 1-க்கே ஒளிபரப்பு நிறுவனம் உறுதியாகாமல் ஜூலை வரை இழுத்தது. கடைசியில் டேஸன், பீஇன் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 50 கோடி யூரோ என்று முடிந்தது. இரண்டாம் டிவிஷனில், கடன் சுமையோடு, பெரிய மைதானத்தின் செலவையும் சுமக்கும் கிளப்பில் யார் பணம் போடுவார்கள்?

போர்தோ அப்பீலைத் திரும்பப் பெற்றது. நேஷனலை ஏற்றுக்கொண்டிருந்தால் தொழில்முறை அந்தஸ்தைத் தக்கவைத்திருக்கலாம், ஆனால் தொழில்முறைச் சம்பளங்களையும் தக்கவைக்க வேண்டும். அதற்குப் பணம் இல்லை. அந்தஸ்தை விட்டதும் வீரர்களின் தொழில்முறை ஒப்பந்தங்கள் முறிந்தன, அவர்கள் வேறு அணி தேடிப் போனார்கள். பயிற்சி மையத்துச் சிறுவர்கள் வேறு ஊர் தேடினார்கள். அலுவலக ஊழியர்களில் பலருக்கு வேலை போனது. தரமிறக்கம் என்றாலே வீரர்கள் ஞாபகம்தான் நமக்கு வரும். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த மாதமே வேறு கிளப் கிடைத்துவிடும். டிக்கெட் பிரிவில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு அதே ஊரில் இன்னொரு கால்பந்து கிளப் எங்கே இருக்கிறது?

கிளப் நீதிமன்ற மீட்பு நடைமுறைக்குப் போனது. நம் ஊர் என்சிஎல்டி திவால் வழக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு. இங்கே வழக்கு ஏற்கப்பட்டதும் இயக்குநர் குழுவின் அதிகாரம் போய்விடும். பிரான்ஸின் மீட்பு நடைமுறையில் நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியின் கண்காணிப்பில் பழைய நிர்வாகமே தொடரலாம். அதனால்தான் இவ்வளவுக்குப் பிறகும் லோபெஸே முதலாளியாக இருந்தார். போர்தோ ரசிகர்களுக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

ஆகஸ்டில் கூட்டமைப்பு அந்த அணியை நேஷனல் 2-ல் சேர்த்தது. 2022 மே மாதம் பி.எஸ்.ஜி, மார்செய் அணிகளோடு ஒரே லீக்கில் இருந்தவர்கள். இரண்டே ஆண்டுதான்.

ஒருவர் இழப்பு இன்னொருவர் லாபம். முந்தைய சீசனில் லீக் 2-ல் 17-வது இடம் வந்து தரமிறங்கியிருந்த துருவா அணி, போர்தோவின் காலி இடத்தால் லீக் 2-லேயே தங்கியது. மான்செஸ்டர் சிட்டியின் முதலாளிகள் நடத்தும் கிளப் அது.

நேஷனல் 2-ல் அந்த சீசன்

புதிய பயிற்சியாளர் புரூனோ இர்லெஸ். அவர் வந்தபோது அணி என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. மீதமிருந்த இளைஞர்கள், கிளப் கிடைக்காமல் இருந்த வீரர்கள், ஊர்ப்பாசத்தில் வந்தவர்கள் என்று சேர்த்து ஓர் அணியைக் கட்டவே ஆகஸ்ட் முழுக்கப் போனது. மற்ற அணிகள் இரண்டு மாதம் பயிற்சி எடுத்துத் தயாராக இருந்தன. ஒரே ஓர் அணி மேலே போகும் லீக்கில் இப்படித் தொடங்குவது, மாரத்தானில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டே ஓட ஆரம்பிப்பது மாதிரி.

செப்டம்பரில் வந்த ஒரு செய்தியைப் பலர் வதந்தி என்றே நினைத்தார்கள். ஆண்டி கரோல் வருகிறார். இங்கிலாந்துக்காக 9 ஆட்டம் ஆடியவர், யூரோ 2012-ல் ஸ்வீடனுக்கு எதிராகத் தலையால் முட்டிக் கோல் போட்டவர். 2011 ஜனவரியில் நியூகாசிலிடமிருந்து லிவர்பூல் அவரை 3.5 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. அப்போது ஒரு பிரிட்டிஷ் வீரருக்குக் கொடுக்கப்பட்ட உச்ச விலை அதுதான். கொடுத்தது யார்? அதற்குச் சில மாதம் முன்பு லிவர்பூலை வாங்கியிருந்த அதே ஃபென்வே. பணம் உள்ள முதலாளிகள் போர்தோவுக்கு வரவில்லை. ஒரு காலத்தில் அவர்கள் வாங்கிய வீரர், லீக் 2-ல் இருந்த அமியான் அணியை விட்டுவிட்டு, இரண்டு படி இறங்கி, 35 வயதில் வந்தார்.

எதிரணிகளைப் பார்த்தால் இறக்கத்தின் ஆழம் தெரியும். பிரிட்டனி, லுவார் பள்ளத்தாக்கு, வாந்தே பகுதிகளின் சின்ன ஊர்கள். சான் மாலோ, புளுவா, லே எர்பியே. இதில் லே எர்பியேயை மட்டும் சாதாரணமாக எடைபோட வேண்டாம். 15,000 பேர்தான் வசிக்கும் ஊர். 2018-ல் மூன்றாம் டிவிஷனில் இருந்தபடி பிரெஞ்சுக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போய் பி.எஸ்.ஜி-யிடம் 0-2 என்றுதான் தோற்றார்கள். அந்த வாரமே லீக்கில் தரமிறங்கவும் செய்தார்கள். கீழ் அடுக்குக் கால்பந்தில் இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும்.

இந்த ஊர்களுக்குப் போர்தோ வருவது திருவிழா. அவர்கள் மைதானத்தில் ஆண்டுக்கு ஒருமுறை நிறையும் கூட்டம் அன்றுதான். எதிரணி வீரர்களுக்கோ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்ள ஒரு கதை: "ஆறு முறை சாம்பியனோட மோதினோம்." அப்படி ஒவ்வோர் ஆட்டத்தையும் இறுதி ஆட்டம் போல ஆடும் பதினைந்து அணிகளுக்கு நடுவே, ஆகஸ்டில் ஒட்டுப்போட்ட அணி போராடியது. பிரெஞ்சுக் கோப்பையில் டிசம்பர் வரை தாக்குப்பிடித்து, லீக் 1 அணியான ரெனிடம் தோற்று வெளியேறியது. லீக்கில் இடம் நான்காவது. குரூப்பிலிருந்து நேஷனலுக்குப் போனது பிரிட்டனியின் ஸ்டாட் பிரியோஷான்.

நான்காம் இடம் அவமானம் இல்லை. அந்த நிலைமைக்கு அது நல்ல பலன் என்றே சொல்வேன். ஆனால் இந்த லீக்கில் நான்காவதும் பதினொன்றாவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டுக்குமே அடுத்த ஆண்டும் நேஷனல் 2. சீசன் முடிந்ததும் கரோல் இங்கிலாந்து திரும்பி டேகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் அணியில் சேர்ந்தார்.

இப்படி விழுந்தவர்கள் மேலே வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார்கள், போர்தோவே வந்திருக்கிறது. 1991-ல் பத்தாம் இடத்தில் சீசனை முடித்த போர்தோவை, கடனைக் காரணம் காட்டி இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். ஒரே ஆண்டில் திரும்பி வந்தது. அந்தக் கோடையில் வந்து சேர்ந்தவர்தான் இருபது வயது ஜிடான். ஆனால் அன்று இறங்கியது ஒரு படி, இன்று இரண்டு படி. முன்பு லீக் 1-லிருந்து விழுந்ததையும் சேர்த்தால் மூன்று.

பொருத்தமான உதாரணம் ஸ்ட்ராஸ்பர்க். 1979 சாம்பியன். 2011-ல் திவாலாகி ஐந்தாம் அடுக்குக்குப் போனது. 2012-ல் முன்னாள் வீரர் மார்க் கெல்லர் உள்ளூர் முதலீட்டாளர்களோடு வாங்கினார். 2017-ல் லீக் 1-க்குத் திரும்பியது, 2019-ல் லீக் கோப்பையை வென்றது. ஆறு ஆண்டு எடுத்தது. கோர்சிகா தீவின் பாஸ்தியா 2017-ல் லீக் 1-லிருந்து நேராக ஐந்தாம் அடுக்குக்கு விழுந்து, 2021-ல் லீக் 2-க்கு வந்துவிட்டது. பெஜோ கார் கம்பெனி 1928-ல் தொடங்கிய சோஷோ 2023-ல் விழும் நிலையில், ரசிகர்களும் உள்ளூர் ஆட்களும் பணம் திரட்டியதால் மூன்றாம் அடுக்கோடு தப்பியது.

ஸ்ட்ராஸ்பர்க், பாஸ்தியா இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு. திவாலோடு பழைய முதலாளி போய்விட்டார், பழைய கடனும் பெரும்பாலும் போய்விட்டது. கீழே இருந்தாலும் கணக்குப் புத்தகம் வெள்ளையாக இருந்தது. போர்தோவில் அப்படி நடக்கவில்லை. முதலாளி மாறவில்லை, கடனும் மறையவில்லை. 2025-ல் வணிக நீதிமன்றம் ஏற்ற மீட்புத் திட்டத்தின்படி கடனின் ஒரு பகுதியைத் தவணையாகக் கட்ட வேண்டும். நான்காம் டிவிஷன் டிக்கெட் வருமானத்தில் முதல் டிவிஷன் கடனைக் கட்டும் கிளப்பாக அது மாறியிருக்கிறது.

மற்ற கிளப்புகள் பாடம் கற்றனவா?

2025 ஜூன் 24 அன்று டிஎன்சிஜி லியோனை லீக் 2-க்குத் தரமிறக்கியது. ஏழு ஆண்டு தொடர்ந்து சாம்பியனாக இருந்த அதே லியோன். முதலாளி ஜான் டெக்ஸ்டர் பொறுப்பிலிருந்து விலகி, மிஷெல் காங் தலைவரானார். புதுப் பணமும் உத்தரவாதமும் வந்தன, ஜூலை 9 அப்பீலில் தப்பித்தது. போர்தோ தரமிறக்கப்பட்ட ஜூலை 9-க்குச் சரியாக ஓர் ஆண்டு. வித்தியாசம் ஒன்றுதான்: லியோனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இருந்தது. அதே கோடையில் கோர்சிகாவின் ஏசி அஜாக்சியோவுக்கு அப்படி ஆள் கிடைக்கவில்லை. 2022-23-ல் லீக் 1 ஆடிய அந்த கிளப் தேசிய லீக்குகளை விட்டே வெளியேறியது.

டிவி பணத்தின் கதையும் மாறவில்லை. டேஸன் ஒப்பந்தம் ஒரே சீசனில் முடிந்தது. 2025-ல் லீக் 1 தானே சொந்தமாக ஒரு சேனலைத் தொடங்கியது. டிவி பணத்தை நம்பி பட்ஜெட் போட்ட கிளப்புகள் எல்லாம் மறுபடியும் கணக்கைத் திருத்தி எழுதின.

போர்தோ 2025-26 சீசனையும் நேஷனல் 2-ல்தான் தொடங்கியது. அங்கே விதி அதேதான், குரூப்புக்கு 16 அணிகள், முதலிடம் வரும் அணிக்குத்தான் உறுதியான வழி. அதில் வென்றாலும் கிடைப்பது மூன்றாம் டிவிஷன். அங்கேயும் ஆடிட்டர்கள் கேட்கப்போவது அதே கேள்வியைத்தான்.